மிகையொலியும் ஜாம் போத்தலும்

ஒலியை விட வேகமாக ஓடும் காற்றைப் பற்றி வயதில் பாதியைச் செலவழித்துப் படித்தவன் நான். அந்தப் படிப்பு கடைசியில் எதற்கு உதவியது என்று கேட்டால், ஜாம் போத்தல் உலர்த்த. இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் போத்தல்கள் உலராமல் போயிருந்தால் உட்கார்ந்து சிரிப்பதற்கு அவர்கள் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டார்கள்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதிகம் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப்பின் வாயைப் பெருவிரலால் நெரித்தால் தண்ணீர் சீறிக்கொண்டு பாயும். வழி ஒடுங்கினால் வேகம் கூடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்றும் அப்படித்தான், ஒலியின் வேகத்தைத் தொடும் வரைக்கும். தாண்டிவிட்டதோ, எல்லாம் தலைகீழ். அதற்குப் பிறகு வழியை விரித்தால்தான் வேகம் கூடும், ஒடுக்கினால் குறையும். இதை முதல் தடவை கரும்பலகையில் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்றப் பெடியன்களுக்குப் பெட்டைகளைப் பார்த்துப் புல்லரிக்கிற வயது அது. என் தலையெழுத்து அப்படி.

அறுபதுகளில் இங்கிலாந்தில், மழை விடாத ஒரு ஊரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அப்போது அந்தத் துறையே இளசு. எங்கள் பேராசிரியர் முதல் ஜெட் எஞ்சின்கள் ஓடிய காலத்திலேயே அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு காதின் கேட்கும் சக்தியைப் பறிகொடுத்தவர். எனக்குக் கொடுத்த வேலை எஞ்சினின் வாய். ஜெட் எஞ்சினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விமானம் எந்தப் பேய் வேகத்தில் பறந்தாலும் உள்ளே நுழையும் காற்று மெதுவாகத்தான் வர வேண்டும். ஆகவே வாசலிலேயே காற்றுக்கு ஒரு அடி போட்டு அடக்க வேண்டும். அந்த அடிக்குப் பெயர் அதிர்ச்சி அலை. அது வாய்க்குள் ஒழுங்காக நின்றால் எஞ்சின் காற்றை விழுங்கும். கொஞ்சம் பிசகினாலும் படார் என்று வெளியே துப்பிவிடும். துப்பாமல் விழுங்க வைப்பது எப்படி என்பதில் என் ஏழு வருடம் போனது.

காற்றை ஓடவிட்டுச் சோதிக்கிற எங்கள் காற்றுச் சுரங்கத்தைப் பார்த்தால் சுரங்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெரிய இரும்புத் தாங்கி. அதற்குள் காற்றை அடைக்க முக்கால் மணித்தியாலம். திறந்துவிட்டால் பத்து வினாடியில் எல்லாம் தீர்ந்துவிடும். மறுபடி அடைக்கும் வரைக்கும் தேநீர். அந்த ஏழு வருடத்தில் என் காற்று ஒலியை விட வேகமாக ஓடிய நேரத்தை மொத்தமாகக் கூட்டினால் முழுசாக ஒரு நாள் தேறாது. தேநீர் குடித்த நேரத்துக்கு வேண்டுமானால் இன்னொரு பட்டம் தரலாம்.

ஆனால் அந்தப் பத்து வினாடிக்குள் படம் எடுப்போம். கண்ணுக்குத் தெரியாத காற்றைப் படம் பிடிக்க ஒரு விளக்கு, ஒரு குழிந்த கண்ணாடி, ஒரு சவர பிளேட் போதும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் குவிகிற இடத்தில் பிளேட்டின் விளிம்பை வைத்துப் பாதி வெளிச்சத்தை வெட்டிவிட்டால், காற்று அடர்ந்த இடமெல்லாம் நிழலாக விழும். அதிர்ச்சி அலை கறுத்த கோடாக எஞ்சின் வாயிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து போவதைக் காணலாம். அப்படி எடுத்த பிலிம்களில் நல்லதாகப் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து ஒரு பழுப்பு உறையில் வைத்திருந்தேன். இலங்கைக்குத் திரும்பி, கொழும்புப் பக்கம் பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பித்து, முப்பத்தாறு வயதில் கலியாணம் கட்டியபோதும் அந்த உறை என் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. என் மனைவியின் சேலைகளுக்குக் கீழ்த்தட்டுத்தான் கிடைத்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், மற்றத் தமிழர் வீடுகளோடு எங்கள் வீட்டையும் எரித்தார்கள். நான் வேலையிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த அகதி முகாமில் மூன்றாம் நாள்தான் மனைவியைக் கண்டுபிடித்தேன். வகுப்பறை மூலையில் ஒரு துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் எங்கள் மூன்று வயது மகள் நித்திரை. நான் ஓடிப் போய் முன்னால் குந்தினேன். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது:

"என்ர படங்கள்?"

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "வீடு எரிஞ்சு போச்சு" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். பிள்ளை கண்ணுக்கு முன்னால் மடியில் கிடக்கிறாள். மூச்சு விடுகிறாள். கன்னத்தில் ஒரு நுளம்புக்கடியைத் தவிர ஒன்றுமில்லை. கண்ணால் காண்கிற ஒன்றை எதற்கு விசாரிக்க வேண்டும்? காணாததைத்தானே கேட்க வேண்டும்? இதுதான் என் வாதம். அன்று தொடங்கி வாதாடுகிறேன், இன்னும் ஒரு தடவைகூட வெல்லவில்லை. "உங்களுக்கு உங்கட காத்துதான் பெரிசு" என்ற ஒரே வரியில் அவள் வழக்கை முடித்துவிடுவாள்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் நான் தனியாக ஆக்லாந்துக்கு வந்தேன். இங்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருடத்துக்குப் பதிலாள் வேலை. காற்றுச் சுரங்கம் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். இருந்ததுதான், பாய்க்கப்பலின் பாய் எப்படிப் புடைக்கிறது என்று பார்ப்பதற்கு. அதை முழு வேகத்தில் முடுக்கினாலும் சைக்கிளில் போகிறவன் முந்திவிடுவான். இந்த ஊரில் காற்று என்றால் ஞாயிற்றுக்கிழமை படகு விடுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் காண்கிறவர்கள் எல்லாம் ஒலியை விட வேகமாக ஆட்களை ஏற்றிப் பறக்கிற அந்த மூக்கு வளைந்த விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள். நான் எஞ்சின் வாயைப் பற்றித் தொடங்கினால் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டு வருடம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. விசாவும் முடிகிற தறுவாய். மனைவியும் மகளும் கொழும்பில் அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் எனக்கு நிரந்தர வேலை தருவதாக ஒரு முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். ஒரு தாள், ஒரு கையெழுத்து. அது கிடைத்தால் அவர்கள் இங்கே வரலாம். கிடைக்காவிட்டால் நான் அங்கே திரும்ப வேண்டும், அங்கே திரும்புவதற்கு வீடும் இல்லை. மனைவியின் நீல விமானத்தபால் கடிதங்களில் ஒவ்வொரு தடவையும் கடைசி வரி ஒன்றுதான்: "எப்ப கூப்பிடுவீங்கள்?" பிள்ளையின் படம் ஒன்று எடுத்து அனுப்பு என்று நான் எழுதினால், "படம் எதுக்கு? பிள்ளையை நேரில பாருங்கோ" என்று பதில் வரும். படம் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது என்று எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும்.

நான் ஒனிஹங்காவில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். சரக்கு ரயில் சத்தமும், துறைமுகத்து மீன் வாசமும், தலைக்கு மேலே விமானங்களும். எல்லாம் ஒலியை விட மெதுவாகப் போகிற சாதாரண விமானங்கள். அங்கிருந்து எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கடைசியில் ஈஸ்ட் டாமாக்கியில் ஜாமும் ஊறுகாயும் அடைக்கிற ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. முதலாளி அரைக்காற்சட்டையும் முழங்கால் வரைக்கும் சொக்ஸும் போட்ட பெரிய மனிதர். என் விண்ணப்பத்தின் மூன்று பக்கத்தையும் விசிறி மாதிரிப் பிடித்துக்கொண்டு, "சூப்பர்சோனிக்கா? அப்படியென்றால் உனக்குக் காற்றைப் பற்றித் தெரியும், இல்லையா மேட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த ஊரில் யாரும் யாருக்கும் மேட், கூட்டாளி. தெரியும் என்றேன். "நல்லது. என் போத்தல்களைக் காய வை."

பிரச்சினை இதுதான். ஜாம் அடைத்து மூடிய போத்தல்கள் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வரிசையாக வரும். லேபிள் ஒட்டும் இயந்திரத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிட வேண்டும். காயாததால் லேபிள் வழுக்கிக் கீழே இறங்கி, போத்தல் எல்லாம் காற்சட்டை நழுவிய பிள்ளைகள் மாதிரி நின்றன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத் தவணை. அதற்குள் செய்து காட்டினால் நிரந்தரம், கடிதம். செய்யாவிட்டால் அவுஸ்திரேலியாவிலிருந்து சூடு காட்டும் இயந்திரம் ஒன்றை இறக்கப் போகிறார், நான் தேவையில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்த நாட்டில் ஒருவனை வேலையால் நிற்பாட்டும்போதும் சிரிப்பார்கள் என்று நான் அதற்குள் படித்திருந்தேன்.

அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஒரு மலேசியத் தமிழர், கிறிஸ்தவர். ஈப்போப் பக்கம் ரப்பர் ஆலையில் வேலை செய்துவிட்டு வந்தவர். என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னை டாக்டர் என்றார். அந்த டாக்டரில் பாதி மரியாதை, பாதி நக்கல். முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காற்றை அமுக்கி அடைக்கிற கொம்பிரசரைக் காட்டினார். பெரிய தாங்கி, நல்ல அழுத்தம். மீட்டர் முள்ளைப் பார்த்ததும் எனக்கு எச்சில் ஊறியது. இவ்வளவு அழுத்தம் இருந்தால் குழாய் முனையில் பூட்டுகிற வாயாகச் சரியான நொசில் ஒன்றைச் செய்து ஒலியை விட இரண்டு மடங்கு வேகத்தில் காற்றை விடலாம். ஜாம் போத்தல் மேல்! இங்கிலாந்தில் பத்து வினாடி ஓடிய காற்று ஈஸ்ட் டாமாக்கியில் நாள் முழுக்க ஓடும். அன்றைக்கு அறைக்குப் போய்ச் சோறு சமைக்கவும் மறந்து கணக்குப் போட்டேன்.

பித்தளையில் பதினாறு நொசில் கடைந்தோம். உள்ளே ஒடுங்கிப் போய், பிறகு மெல்ல விரிந்து வாய் திறக்கிற வடிவம். ஒவ்வொரு வளைவும் நான் கீறியது. மயிரிழை பிசகாமல் கடையச் சொல்லி அண்ணையின் உயிரை எடுத்தேன். மனிதர் கடைந்தார், மலேசியா 'லா' போட்டுப் பேசுகிற வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"என்னா டாக்டர், வாயை இவ்ளோ பெருசா வச்சிருக்கீங்க? காத்து எப்படி லா வேகமா வரும்? சின்னதாத்தான வைக்கணும்?"

"அண்ணை, ஒலியைத் தாண்டினாப் பிறகு எல்லாம் தலைகீழ். விரிச்சாத்தான் வேகம்."

"அது ஏரோப்ளேன்ல டாக்டர். இது ஜாம்."

"காத்துக்குத் தெரியுமோ அது ஜாமில அடிக்குதா, ஏரோப்ளேனில அடிக்குதா எண்டு?" என்று மடக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு லேத்தைத் திருப்பினார். எனக்கு வெற்றி. ஆக்லாந்தில் நான் வென்ற முதல் விவாதம் அது.

தவணையின் கடைசி வாரம், திங்கட்கிழமை, பதினாறையும் பூட்டித் திறந்தோம். முதலாளி காதைப் பொத்திக்கொண்டு நின்றார், ஏனென்றால் நான் சொல்லியிருந்தேன், ஒலியைத் தாண்டிய காற்று கிரீச்சிட்டுக் கத்தும் என்று. ஒன்றும் கத்தவில்லை. உஸ் என்று ஒரு சத்தம், சலித்துப்போன மனுசி பெருமூச்சு விட்ட மாதிரி. போத்தல்கள் குளித்த கையோடு ஈரமாகவே கடந்து போயின. லேபிள்கள் வழுக்கின. முதலாளி பொத்திய கையைக் காதிலிருந்து எடுத்தார். "வெள்ளிக்கிழமை பார்ப்போம், மேட்" என்றார். சிரித்தார். வெள்ளிக்கிழமைதான் தவணை முடிகிற நாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணை ஒரு காரியம் செய்தார். ஒரு செப்புக் குழாயை எடுத்து அதன் நுனியைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிச் சப்பையாக்கி, என் நொசில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டினார். அந்த இடத்தைக் கடந்த போத்தல்களில் ஒரு பட்டை காய்ந்துபோய் வந்தது. நான் பார்த்தேன். அவர் பார்த்ததையும் பார்த்தேன். "தற்செயல்" என்று சொல்லிவிட்டு அப்பால் போனேன்.

இனிச் சொல்லப்போவதை இந்த வயதிலும் வெட்கப்படாமல் சொல்ல முடியவில்லை. அந்தக் குழாய் வேலை செய்கிறது என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். பதினாறு குழாயைத் தட்டிப் பூட்டினால் கடிதம் கிடைக்கும், பெண்சாதி பிள்ளை வருவார்கள். இது விளங்க ஒரு பட்டமும் தேவையில்லை. ஆனால் செவ்வாய் பின்னேரமும் புதன் முழுவதும் நான் என்ன செய்தேன்? போத்தலைக் குறை சொன்னேன். ஆக்லாந்தின் ஈரக்காற்றைக் குறை சொன்னேன். லேபிள் பசை மட்டமானது என்று முதலாளிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுத்தியலால் தட்டிய செப்புக் குழாய் என் ஏழு வருடத்தை வென்றுவிடுவதா? விடக்கூடாது என்று நின்றேன். அவள் சொன்னது சரிதான், எனக்கு என் காற்றுத்தான் பெரிசு. அதை நான் இவ்வளவு தூரம் வந்து, அவள் இல்லாத இடத்தில் நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை அறைக்குப் போனால் நீலக் கடிதம் ஒன்று கிடந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தாள். தகப்பன் எங்கே என்று ரீச்சர் கேட்டதற்குப் பிள்ளை, "அவர் கடிதத்தில இருக்கிறார்" என்று சொன்னாளாம். நான் கட்டிலில் இருந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

வியாழக்கிழமை காலை போகிற வழியில் ஒனிஹங்கா மருந்துக்கடையில் சவரம் செய்கிற குழிக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலையின் ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போய் விளக்கை அணைத்தேன். டோர்ச் லைட்டின் முகத்தில் ஊசித்துளை போட்ட ஈயத்தாள், எதிரே கண்ணாடி, என் சவரப் பெட்டியிலிருந்து ஒரு பிளேட். சரிக்கட்ட அரை மணித்தியாலம் போனது. முதலில் என் உள்ளங்கையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கையின் சூடு கறுப்பும் வெள்ளையுமாகச் சுருண்டு சுருண்டு மேலே போனது.

"ஆண்டவரே" என்றார் அண்ணை. "இது கையிலேருந்தா வருது?"

"ஓம். எப்பவும் வருது. எங்களுக்குத்தான் தெரியிறேல்லை."

அவர் தன் கையையும் நீட்டினார். இரண்டு பேரும் ஜாம் பெட்டிகளுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு நின்றோம். பிறகு வரிசையிலிருந்து ஹோஸ் ஒன்றை உள்ளே இழுத்து, மற்ற நொசில்கள் எல்லாம் திறந்திருக்கவே, என் நொசிலைப் பிடித்துப் பார்த்தேன். ஒலியைத் தாண்டிய காற்றாக இருந்தால் வாய்க்கு வெளியே வைரம் வைரமாக ஒரு கோர்வை தெரிய வேண்டும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. வாயிலிருந்து மங்கலாக ஒரு புகை மாதிரி வந்து, சோம்பலாகப் பரவிப் போனது. அண்ணையின் சப்பைக் குழாயைப் பூட்டினோம். அதிலிருந்து காற்று கத்தி மாதிரி நேராகப் போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுத்தத்தை நான் எங்கே அளந்தேன்? கொம்பிரசர் தாங்கியில். இங்கிலாந்தில் எங்கள் நொசில் தாங்கியிலேயே பூட்டியிருக்கும். தாங்கியில் எவ்வளவோ, நொசிலிலும் அவ்வளவு. ஏழு வருடப் பழக்கம். இங்கே தாங்கி ஒரு மூலையில், நொசில் மறு மூலையில். நடுவில் விரல் தடிப்புக் குழாய் கட்டிடம் முழுக்கச் சுற்றி வருகிறது, போகிற வழியில் பத்து இயந்திரம் உறிஞ்சுகிறது. ஒரு மீட்டரைக் கொண்டுபோய் நொசில் வாசலில் வைத்துப் பார்த்தோம். முள் கால்வாசிகூட எழும்பவில்லை. ஒலியைத் தொடவே அழுத்தம் போதாது. தொடாத காற்றுக்கு விரிந்த வாய் என்றால் வேகம் குறையும். ஆகவே நான் மயிரிழை பிசகாமல் செய்தது, காற்றை அழகாக மெதுவாக்குகிற கருவி. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்தது, சும்மா சொல்லக்கூடாது. சாதாரண மனிதன் யாரும் இப்படி ஒரு பிழை விட முடியாது. அதற்கு ஏழு வருடம் படித்திருக்க வேண்டும்.

"சரி டாக்டர், இப்ப என்னா செய்யலாம்?" என்றார் அண்ணை. "முன்னமே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒடுங்கிற இடத்தோட வெட்டுவம். விரியிற பாதி வேண்டாம்."

"பித்தளை லா. இவ்ளோ அழகா கடைஞ்சோம். நான் வெட்டவா?"

"வேண்டாம் அண்ணை. நானே வெட்டுறன்."

வைஸில் இறுக்கி இரும்பறுக்கும் வாளால் ஒவ்வொன்றாக வெட்டினேன். பதினாறு மிகையொலி வாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக வாளிக்குள் விழுந்தன. நாலாவது வரைக்கும் நெஞ்சு வலித்தது. பிறகு கைதான் வலித்தது. வேலை நேரம் முடிவதற்குள் திருப்பிப் பூட்டினோம்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து, வரிசையின் கடைசியில் நின்று ஒரு போத்தலை எடுத்துத் தடவிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். லேபிள் ஒன்றை நகத்தால் சுரண்டினார், அது அசையவில்லை. "சூப்பர்சோனிக்!" என்று கத்தி என் முதுகில் ஒரு அடி போட்டார். அது அல்ல என்று விளக்க வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அண்ணை விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்து முறைத்தார். என் வாழ்க்கையில் காற்றைப் பற்றி நான் விளக்காமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

கடிதத்தை முதலாளி தானே தட்டச்சில் அடித்தார். இவர் எங்கள் போத்தல்களைக் காய வைக்கிறார், இவருக்கு முன்னால் யாராலும் முடியவில்லை, இவர் எங்களுக்கு வேண்டும் என்று மூன்றே வரி. குடிவரவு அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த பெண் என் பட்டங்களின் பிரதிகளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு அந்த மூன்று வரியை இரண்டு தடவை வாசித்தாள். "என் அம்மா வீட்டில் ஜாம் போடுவார், அவருக்கும் இதே கரைச்சல்" என்றாள். பிறகு படிவங்களை எடுத்துத் தந்தாள்.

அந்த வருடக் கடைசியில் அவர்கள் வந்தார்கள். அண்ணை தன் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் ஆட்கள் வெளியே வரும் கதவுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் நின்றேன். சட்டைப் பையில் மகளின் படம், மூன்று வயதில் எடுத்தது. சுருட்டை முடி, குண்டுக் கன்னம். கடைசியில் மனைவி தள்ளுவண்டியோடு வந்தாள். மெலிந்திருந்தாள். அவளுக்கு முன்னால், பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலைமயிரைக் கட்டையாக வெட்டிய, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு நெட்டைப் பிள்ளை. கூட வந்த யாருடையதோ பிள்ளை என்று நினைத்தேன். மனைவிக்குப் பின்னால் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"பிள்ளை எங்க?" என்று கத்தினேன். "பிள்ளை எங்கயப்பா?"

மனைவி நின்றாள். என்னைப் பார்த்தாள், முகாமில் பார்த்த மாதிரியே. பிறகு அவள் வாய் கோணியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"முன்னால நிக்கிறாளே!"

அந்த நெட்டைப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, இவரோ அப்பா?" என்று கேட்டாள். நான் அவளைத் தூக்கப் போனேன். பின்னால் நகர்ந்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் சின்னவிரலை மட்டும் பிடித்தாள்.

மனைவி கைப்பையைத் திறந்து அந்தப் பழுப்பு உறையை வெளியே எடுத்தாள். ஓரங்கள் தேய்ந்து, ஒரு மூலை தீயில் கருகி, ஆனால் அதேதான். என் கையெழுத்து.

"அண்டைக்கு ஒரு கையில பிள்ளையையும் மற்றக் கையில இதையும்தான் தூக்கிக்கொண்டு மதில் ஏறிக் குதிச்சனான்" என்றாள். "முகாமில அந்த மூட்டைக்குள்ளதான் இருந்தது. தருவம் எண்டுதான் இருந்தன். நீங்கள் முதல்ல பிள்ளையைக் கேப்பீங்கள் எண்டு பாத்தன். கேக்கேல்லை. சரி, கேக்கட்டும் எண்டு வைச்சிருந்தன். செக்பொயின்ற் எல்லாத்திலயும் பிள்ளையின்ர எக்ஸ்ரே எண்டு சொல்லிக் கொண்டு வந்தனான். இந்தாங்கோ, இண்டைக்குக் கேட்டீங்கள்."

மூன்று வருடம்! எரிந்துபோனதாக நினைத்து நான் மூன்று வருடம் துக்கம் காத்த படங்கள். வாங்கினேன், தள்ளுவண்டியில் வைத்தேன். திறந்து பார்க்க முடியவில்லை, ஒரு கையில் விரலைப் பிடித்தபடி மகள் இருந்தாள். வெளியே மழை தூறியது. வானில் பெட்டிகளை ஏற்றினோம், ஏறினோம், புறப்பட்டோம்.

பாலத்தைக் கடந்து ஒனிஹங்காப் பக்கம் இறங்கும்போது மனைவி திடுக்கிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இஞ்சேருங்கோ, படங்கள் எங்க?"

தள்ளுவண்டியில். மழையில். நான் மறந்தே போனேன்.

"விடப்பா, போகட்டும்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். மகள் என் மடியில் நித்திரையாகியிருந்தாள். பல் விழுந்த வாய் திறந்தபடி, மூச்சு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"என்ன விடுறது? நான் மூண்டு வருசம் பொத்தி வைச்சுக் கொண்டு வந்தது! அண்ணை, வானைத் திருப்புங்கோ!"

அண்ணை திருப்பினார். உறை தள்ளுவண்டிக்குள்ளேயே கிடந்தது, தெப்பலாக நனைந்து. மனைவி இறங்கி ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட என் கையில் தந்தாள்.

"நீங்கள் காய வைக்கிற ஆள்தானே" என்றாள். "காய வையுங்கோ."

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். பன்னிரண்டு பிலிமையும் உறைத்தாளிலிருந்து மெல்லப் பிரித்து, வாய் வெட்டிய நொசில்களுக்குக் கீழே, ஜாம் போத்தல்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். இரண்டு பிலிம் ஒட்டிக் கிழிந்துவிட்டன. மற்றப் பத்தும் நன்றாகக் காய்ந்தன.